அழுகண்ணி வடிக்கும் பசை

வட்டக்கானலுக்கு வருகிறவர்கள் டால்பின் நோஸ் பாறையில் நின்று பள்ளத்தாக்கைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். காலடியைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. பழனி மலை மேட்டில் எஞ்சியிருக்கும் ஈரப் புல்வெளிகளில், மழைக்காலத்தில் ஒரு சாண் உயரச் செடி ஒன்று தலைகாட்டும். பிறை போன்ற இலை, அதன் மேல் மெல்லிய மயிர்கள், ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு சொட்டு. அழுகண்ணி வகைச் செடி. தாவரவியலில் டிரோசெரா பெல்டாட்டா. பார்வைக்குப் பனித்துளிதான். தொட்டால் விரலோடு நூலாக இழுபடும்.

அந்தப் பசை செல்லுக்குள் உருவாகி வெளியே வருகிறது. எப்படி வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. செல்லைப் போர்த்தியிருப்பது இரண்டடுக்குக் கொழுப்புச் சவ்வு. தடிமன், மில்லிமீட்டரை லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுக்கும் குறைவு. ஆனாலும் பெரிய பசை மூலக்கூறு அதை ஊடுருவ முடியாது. கிழித்துக்கொண்டு போனால் செல் பிழைக்காது. அதனால் செல், தனக்குள் இருக்கும் கோல்கை என்னும் உறுப்பில் பசையைச் சவ்வாலான நுண்குமிழிகளில் பொதிந்து அனுப்புகிறது. ரசத்தில் மிதக்கும் இரண்டு எண்ணெய்ப் பொட்டுகள் உரசி ஒன்றாவதைப் பார்த்திருப்பீர்கள். குமிழியின் சவ்வும் வெளிச்சவ்வோடு அப்படித்தான் இணைகிறது. உள்ளிருந்த சரக்கு வெளியே கொட்டுகிறது. ஒரே வித்தியாசம், இங்கே அது தானாக நடப்பதில்லை. ஸ்நேர் என்னும் புரதங்கள் இரு பக்கமிருந்தும் பின்னிக்கொண்டு சவ்வுகளை நெருக்குகின்றன. இந்தப் போக்குவரத்தின் சூட்சுமங்களைக் கண்டறிந்ததற்காகத்தான் ராத்மன், ஷெக்மன், சூட்ஹாஃப் என்னும் விஞ்ஞானிகள் மூவருக்கும் 2013இல் நோபல் பரிசு.

பசையில் கொசு மாட்டியதும் பக்கத்து மயிர்கள் வளைந்து அமுக்குகின்றன. செரிமான நொதிகள் சுரக்கின்றன. பூச்சியை இவ்வகைச் செடிகள் செரிப்பதை 1875லேயே டார்வின் புத்தகமாக எழுதிவிட்டார். நைட்ரஜன் போதாத மண்ணில் பிழைக்க வேறு வழி?

செரித்த பூச்சியிலிருந்து கரைந்த சிறு மூலக்கூறுகளைச் சவ்விலுள்ள கடத்திப் புரதங்கள் உள்ளே விடுகின்றன. முழுப் புரதங்களுக்கு அந்த வாசல் போதாது. அப்போது சவ்வே உள்நோக்கிக் குழிந்து, அவற்றை வளைத்துப் பிடித்து, குமிழியாகக் கழன்று உள்ளே போய்விடுகிறது. நம் வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்குவதும் ஏறக்குறைய இதே உத்திதான். ஒளிரும் சாயம் ஏற்றிய புரதத்தை ஊனுண்ணிச் செடிகளுக்கு ஊட்டி, அது குமிழிகளில் உள்ளே போவதை வியன்னா ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள்.

வாட்டில், பைன் மரங்களை நட்டு நட்டே பழனி மலையின் புல்வெளி சுருங்கிவிட்டது. மிச்சமிருப்பதில் நடக்கும்போது ஒரு லென்ஸ் கொண்டுபோங்கள். செடியைக் கண்டால் பிடுங்க வேண்டாம். அடுத்த மழைக்கு அது முளைக்க வேண்டிய கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது.