சுற்றுவன எல்லாம் – 17: பல் பார்த்துப் பிடிக்கும் தட்டு

போன வாரம் பம்பரத்தோடு தொடர் நின்றது. சுற்றுகிற பொருளை முன்பக்கம் அழுத்தினால் அது பக்கவாட்டில் சாயும் என்ற ஒரே சங்கதி நினைவிருந்தால் இந்த வாரத்துக்குப் போதும். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். இங்கே இடம் இல்லை.

இடத்தை எடுத்துக்கொண்டது மாடு.

வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரத்தில் சித்திரை மாதம் கூடும் மாட்டுச் சந்தை காங்கேயம் இனத்துக்குப் பேர்போனது. காளை வாங்க வருகிறவர் திமிலையும் கொம்பையும் தூரத்திலேயே ரசித்துவிட்டு, கிட்டே வந்ததும் வாயைத் திறந்து பார்ப்பார். ரெண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா, கடை சேர்ந்ததா? பால் பல் விழுந்து நிலைப்பல் ஜோடி ஜோடியாக முளைக்கும். முதல் ஜோடி ஏறத்தாழ 2 வயதில். எட்டுப் பல்லும் நிறைய 4 வயது தாண்டும். அதற்குமேல் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை, பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைத்தான் படிக்க வேண்டும். படித்து முடித்த பிறகே துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவது.

டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறவர் தம் பையைத் திறந்து ஒரு தட்டை எடுப்பதும் இதே வேலைதான். அவர் கட்டைவிரல் முதலில் போவது தட்டின் விளிம்புக்கு. எத்தனை வெட்டு, எத்தனை சிராய்ப்பு, ஓரம் எவ்வளவு மழுங்கியிருக்கிறது. கண்ணபுரத்துத் தரகருக்கு அந்தப் பையைக் கொடுத்தால் கால் மணி நேரத்தில் தொழில் பழகிவிடுவார்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. பந்துக்குப் பதில் தட்டு. குறைந்த வீச்சுகளில் கூடைக்குள் விழச் செய்தவர் ஜெயித்தார். தூரத்துக்கு டிரைவர், நடுத்தூரத்துக்கு மிட்ரேஞ்ச், கூடைக்கருகே பட்டர். சென்னைக் கடற்கரையில் அல்டிமேட் ஃபிரிஸ்பி ஆடுகிறவர்கள் பிடிக்கும் தட்டு வேறு. அதன் எடையையே தலைப்பாக்கி, ஃப்ளை வைல்ட் அணியைப் பற்றி ‘175 கிராம்ஸ்’ என்ற குறும்படம்கூட வந்தது. அந்தத் தட்டு சுமார் 27 சென்டிமீட்டர் அகலம். டிரைவரும் ஏறத்தாழ அதே எடைதான், ஆனால் அகலம் 21 சென்டிமீட்டரை ஒட்டி. விதிப்படி விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் வரை போகலாம், 21.2-ஐப் பெருக்கினால் 176 கிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும். அத்தனை எடையும் சின்ன வட்டத்தின் தடித்த விளிம்பில் போய் உட்கார்ந்திருக்கிறது. அந்த விளிம்பைக் கத்திபோலச் சரித்துச் செதுக்கலாம் என்று 1983-இல் இன்னோவா நிறுவனத்தின் டேவ் டனிபேஸ் கண்டுபிடித்த நாளிலிருந்துதான் டிரைவர் என்ற ஜாதியே உண்டு.

விளிம்பு கூரானதும் தட்டுக்குக் குணம் வந்தது. வலக்கைக்காரர் புறங்கையால் வீசினால் தட்டு, மேலிருந்து பார்க்க, கடிகார முள் போலச் சுற்றும். வேகமாகப் போகும்போது காற்று அதன் மூக்கைக் கீழே அழுத்தப் பார்க்கும். பம்பரக் கணக்குப்படி அது மூக்கு கவிழாமல் வலப்பக்கம் சாயும். வேகம் தணிந்ததும் காற்று மூக்கைத் தூக்கும். தட்டு இடப்பக்கம் சாய்ந்து இறங்கும். முதல் சாய்வை ‘டர்ன்’ என்பார்கள், கடைசிச் சாய்வை ‘ஃபேட்’. இடக்கைக்காரர்கள் இந்தக் கட்டுரையைக் கண்ணாடியில் பார்த்துப் படிக்கவும்.

வலப்பக்கம் சாயவே மறுத்து, கடைசியில் வெடுக்கென்று இடப்பக்கம் விழுவது ஓவர்ஸ்டேபிள். தாராளமாக வலம் சாய்ந்து, முடிவில் சோம்பலாக இறங்குவது அண்டர்ஸ்டேபிள். இன்னோவா தன் தட்டுகளுக்கு நான்கு எண் கொடுக்கிறது: வேகம், மிதப்பு, டர்ன், ஃபேட். ஃபயர்பேர்டு 9, 3, 0, 4. வால்கிரி 9, 4, -2, 2. இரண்டுக்கும் வேகம் ஒன்றே. ஆனால் ஒன்று சொன்னதைக் கேட்காத காளை, இன்னொன்று சொல்லாததையும் கேட்கும் கன்று. புதிதாக வருகிறவர்கள் பெரிய எண்ணைப் பார்த்து வேகம் 12 உள்ள டெஸ்ட்ராயரை வாங்கிவிடுவார்கள். அந்த எண் தட்டு தரும் வேகமல்ல, தட்டு கேட்கும் வேகம். கை கொடுக்காவிட்டால் ஃபேட் மட்டும் மிஞ்சி, நாலு எட்டில் இடப்பக்க வேலிக்குள் போய் விழும். ஆரம்பக்காரருக்கு வேகம் 6 உள்ள லெப்பர்டு ஒன்றே மாதக்கணக்கில் போதும்.

இவையெல்லாம் புதுத் தட்டுக்கான எண்கள். புதுத் தட்டு எத்தனை நாள் புதுசு?

அது பிளாஸ்டிக்கைப் பொறுத்தது. மலிவான டிஎக்ஸ் ரகம் மிருதுவானது. ஒரு வேப்பமரத்தில் நேராக மோதினாலே குணம் கொஞ்சம் மாறும். கண்ணாடி போல இருக்கும் சாம்பியன் ரகம் நெடுநாள் முறுக்கோடு இருக்கும். மாறுகிற திசை ஏறக்குறைய எப்போதும் ஒன்றே. தேயத் தேய முரடு இளகும், ஃபேட் குறையும், டர்ன் கூடும். அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் விளிம்பில் ஒரு கோடு ஓடும். அந்தக் கோடு மேலே இருந்தால் தட்டு முரடு, கீழே இருந்தால் சாது என்பது பொதுக் கணக்கு. தரையில் இழுபட்டும் மரத்தில் அடிபட்டும் விளிம்பு மழுங்கும்போது, கோடே கீழே இறங்கியது போல ஆகிவிடுகிறது. பல்லடம் பக்கத்துச் சுக்கான் கல் பூமியில் ஒரு வருஷம் ஆடிய டிஎக்ஸ் தட்டின் விளிம்பு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தேய்ந்ததைத் தூக்கி எறிவதில்லை என்பதுதான் இந்த வாரம் தொடரை மாட்டுச் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனது. தேர்ந்த ஆட்டக்காரர் ஒரே அச்சில் வார்த்த, ஒரே எடையுள்ள மூன்று தட்டுகளைப் பையில் வைத்திருப்பார்: ஒன்று கடைவாசம் போகாதது, ஒன்று ஒரு பருவம் ஆடியது, ஒன்று சலித்துச் சாதுவானது. பிடி ஒன்றே, கை உணர்வு ஒன்றே, பறக்கும் பாதை மட்டும் மூன்று. இடப்பக்கம் வளைய வேண்டிய வீச்சுக்குப் புதுசு, நேருக்கு நடுவயசு, வலப்பக்கத்துக்குக் கிழடு. இதைச் ‘சைக்கிளிங்’ என்கிறார்கள். ஏர் மாடு, வண்டி மாடு ஜோடி சேர்க்கும்போது உயரமும் வயசும் நடையும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் நுகத்தடி சாயும். தட்டில் அந்த வழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டும். இனம் ஒன்று, வயசு வேறு என்பதே நல்ல ஜோடி.

அவசரக்காரர் ஒருவர் கேட்பார்: உப்புத்தாள் வைத்து ஒரே ராத்திரியில் கிழடாக்கிவிட்டால் என்ன? விதி விடாது. ஆடி ஆடித் தேய்ந்தால் சரி. வார்ப்புப் பிசிரையும் சிராய்ப்பையும் மிதமாகத் தேய்த்துச் சமன் செய்வதும் சரி. பறக்கும் குணத்தை மாற்றும்படி அளவுக்குமீறி உரசினால் அந்தத் தட்டு ஆட்டத்துக்கு ஆகாது. சந்தையில் கொம்பைச் சீவி எண்ணெய் தடவி வயசைக் குறைத்துக் காட்டுவார்கள், இங்கே உரசி வயசைக் கூட்டிக் காட்டும் ஆசை. உப்புத்தாள் என்றதும் 2018 மார்ச் மாதம் கேப்டவுனில் பந்தை உரசிய ஆஸ்திரேலியர்கள் நினைவுக்கு வராமல் போகாது. ஸ்மித்துக்கும் வார்னருக்கும் 12 மாதத் தடை, பேன்கிராஃப்டுக்கு 9 மாதம். கிரிக்கெட் பந்தையும் ஆட்டத்தில் தானாகத் தேயத்தான் விட வேண்டும். ஆனால் அது எதிராளிக்கும் சேர்த்துத் தேய்கிற பந்து. தட்டின் தேய்மானம் அவரவர் சொந்தச் சொத்து.

இன்னொரு கிளைக்கதையும் இங்கேயே வந்தாக வேண்டும், அடுத்த வாரம் வரை அடக்கிவைக்க முடியவில்லை. டிஸ்க் கோல்ஃபின் தகப்பன் எட் ஹெட்ரிக். வாம்-ஓ நிறுவனத்தில் இருந்தபோது ஃபிரிஸ்பியின் முதுகில் வளையம் வளையமாக வரிகள் ஓடவிட்டு அதை நிலையாகப் பறக்கவைத்தவர். 1967-இல் அதற்குக் காப்புரிமை. 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரத் திடலை அமைத்தார், 1976-இல் ஆட்டக்காரர் சங்கத்தைத் தொடங்கினார். 2002-இல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். பவானி கூடுதுறையில் அஸ்தி கரைத்துப் பழகிய ஊருக்கு இது கொஞ்சம் திகைப்புத்தான். அந்தத் தட்டையும் வேப்பமரத்தில் அடித்துத் தேய்த்தால் அது எந்தக் கணக்கில் சேரும் என்ற கேள்வியை ஆசிரியர் குழுவில் யாரும் ரசிக்கவில்லை.

இனிக் காற்று. கோவைக்காரர் தட்டு வாங்கினால் கடைக்காரர் பேச்சைவிடப் பாலக்காட்டுக் கணவாயை நம்புவது மேல். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமாகத் திறந்து கிடக்கும் வாசல் அது. தென்மேற்குப் பருவம் வந்தால் அங்கே நெரிசல்பட்டு நுழையும் காற்று கிணத்துக்கடவு, பொங்கலூர், கேத்தனூர், உடுமலை என்று பரவி, காற்றாலைகளைச் சுற்றவிடும். ஆனியிலும் ஆடியிலும் மேற்கே பார்த்து வீசுகிறவர் எதிர்க்காற்றில் வீசுகிறார்.

எதிர்க்காற்று என்ன செய்யும் என்று ஒரு கணக்கு. மணிக்கு 90 கிலோமீட்டரில் விட்ட தட்டுக்கு 18 கிலோமீட்டர் எதிர்க்காற்று வந்தால், தட்டு உணர்வது 108. காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறும், ஆகவே 1.44 மடங்கு. கை கொடுத்த சுழற்சியோ பழையதுதான். தாங்கும் பலம் கூடாமல் தள்ளல் மட்டும் கூடுவதால் வலச்சாய்வு பெருகும். சலித்த வால்கிரியை அந்தக் காற்றில் விட்டால் குப்புறக் கவிழ்ந்து, விளிம்பில் நின்று உருண்டே போய்விடும். அதே காற்றுக்கு முதுகைக் காட்டி, கிழக்கே திருப்பூரைப் பார்த்து வீசினால் தட்டு உணர்வது 72, விசை 0.64 மடங்கு. இப்போது ஃபயர்பேர்டு கல்லாக விழும், கிழட்டு வால்கிரி மிதந்து போகும். ஆடிக் காற்றில் அம்மி பறக்குமோ பறக்காதோ, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதற்கேற்ப ஒரே தட்டு இரண்டு தட்டாகிவிடும்.

ஆகவே கொங்குப் பையின் குறைந்தபட்ச ஜோடி இது: சாம்பியன் பிளாஸ்டிக்கில் ஒரு ஃபயர்பேர்டு, அது முரடாகவே இருக்கட்டும், டிஎக்ஸ் பிளாஸ்டிக்கில் இரண்டு வால்கிரி, ஒன்றை ஆட, ஒன்றைக் காப்பாற்ற. இரண்டு வால்கிரியையும் ஒரே நாளில் வாங்கி, ஒரே நாளில் தேய்க்கத் தொடங்குவது வீண் செலவு. நடுவில் ஒரு டீபேர்டு (7, 5, 0, 2) சேர்த்தால் காற்றில்லாத மார்கழிக் காலைக்கு ஆகும். பத்துக்கு மேல் வைத்திருப்பவரிடம் விவாதிக்க வேண்டாம். அது மாட்டு ஆசை மாதிரி.

திடல்? காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகளைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். கொழுக்கட்டைப் புல் விரித்த மேய்ச்சல் நிலம், இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. கூடை ஒன்றுதான் பாக்கி. வேலிதான் எல்லை, தாண்டினால் ஒரு வீச்சு தண்டம். தேடப் போகிறவருக்கு முள்ளும் தண்டம். பொள்ளாச்சித் தென்னந்தோப்பு என்றால் மரத்துக்கு மரம் 25 அடி. அங்கே ஃபயர்பேர்டுக்கு வேலையில்லை, நேர்கோட்டில் போகிற நடுவயசுத் தட்டுதான்.

மலைக் காற்றில் தட்டு எப்படிப் பறக்கும் என்ற ஊட்டிக் கணக்கை இந்த வாரமே தருவதாகச் சொல்லியிருந்தது. மாடு தின்றது போக மிச்சமிருப்பது இவ்வளவு: கோவை கடல்மட்டத்திலிருந்து 411 மீட்டர், ஊட்டி 2,240. மேலே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. வலப்பக்கம் தள்ள ஆளில்லாததால் எல்லாத் தட்டும் ஒரு படி முரடாகும். ஆடி எதிர்க்காற்றில் குப்புறக் கவிழ்ந்த அந்தக் கிழட்டு வால்கிரி மேட்டுப்பாளையம் ரயிலில் ஏறுகிறது. பட்டர்களும் கூடவே, அடுத்த வாரம்.