டயர் தரையைத் தொடும் இடம்

சோமனூரில் தறிக்குடோன் ஷிப்ட் முடிந்து டீக்கடைக்கு வரும் பையன்களில் யாராவது ஒருவர் போனில் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பார். இந்தோனேசியாவின் மலேயோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ அது. விளையாட்டு அவர்களுடையது, பஸ் நம்முடையது. தனியார் பஸ், அரசு பஸ், ஆம்னி பஸ் என்று எதையும் விடாமல் தமிழ்நாட்டுப் பையன்கள் ‘ஸ்கின்’ செய்து வைத்திருக்கிறார்கள். ஸ்கின் என்பது ஒரு சதுரப் படக்கோப்பு. பஸ்ஸின் இரண்டு பக்கமும் முகப்பும் முதுகும் அதில் தட்டையாகப் பிரித்துப் போடப்பட்டிருக்கும். ஜன்னலுக்குக் கீழே ஓடும் பட்டையின் நிறம், முன்கண்ணாடிக்கு மேலே எழுதிய சாமி பெயர், பின்பக்கத்து வாசகம் வரை போனிலேயே வரைந்து ஏற்றிவிடுகிறார்கள். விளையாட்டு அதை எடுத்து முப்பரிமாண உடம்பின் மேல் ஒட்டிக் காட்டுகிறது.

அந்த உடம்புக்கு அடியில் நடப்பது இன்னும் சுவாரசியமானது. எந்த வாகன விளையாட்டும் இரண்டு வேலைகளைச் சேர்ந்தாற்போல் செய்கிறது. ஒன்று, படம் வரைவது. விநாடிக்கு 60 படம் வந்தால் கண்ணுக்கு உறுத்தாது. இன்னொன்று, கணக்குப் போடுவது. வண்டி எங்கே இருக்கிறது, எந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை, எந்தப் பக்கம் சறுக்குகிறது என்பதையெல்லாம் ஓயாமல் கணக்கிட வேண்டும். 2008இல் வந்த ‘ஐரேசிங்’ இந்தக் கணக்கை விநாடிக்கு 360 தடவை போடுகிறது. டயர் பிடியை விடுவது அவ்வளவு வேகமாக நடந்து முடிந்துவிடும் என்பதால் இது தேவைப்படுகிறது.

காரின் மொத்த எடையும் தரையில் இறங்குவது நான்கு டயர்களின் அடியில், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய உள்ளங்கை அகல இடத்தில். வேகமெடுப்பது, நிற்பது, திரும்புவது எல்லாம் அந்த இடத்து உராய்வால்தான். ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். பிரேக்கை மிதித்ததும் எடை முன்னால் சாய்கிறது. முன் டயர் அழுந்திப் பிடிக்கிறது, பின் டயர் லேசாகிறது. அந்த நேரம் பார்த்து ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் பின்பக்கம் வீசிக்கொண்டு வண்டி சுற்றிவிடும். தேர்ந்த ஓட்டுநர் வளைவுக்குள் நுழைய நுழைய பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்குக் காரணம் இதுதான்.

திரும்பும்போது சக்கரம் பார்க்கும் திசையும் அது உண்மையில் போகும் திசையும் ஒன்றாக இருப்பதில்லை. நடுவே சில டிகிரி கோணம் விழும். கோணம் கூடக் கூடப் பிடியும் கூடும். ஓர் உச்சத்தைத் தாண்டினால் பிடி குறைய ஆரம்பிக்கும். அந்த உச்சத்திலேயே வண்டியை வைத்திருப்பதுதான் பந்தயக்காரரின் வித்தை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் பசெய்கா இந்த ஏற்ற இறக்கத்தை 1980களில் ஒரு சூத்திரத்துக்குள் கொண்டுவந்தார். அடிப்படை இயற்பியலிலிருந்து வடித்ததல்ல அது. சோதனையில் அளந்த வளைகோட்டுக்குப் பொருந்தும்படி அமைத்தது. பெயரே ‘மேஜிக் ஃபார்முலா’. வாகனப் பொறியியலுக்காகப் பிறந்த அந்தச் சூத்திரம் பிறகு பந்தய விளையாட்டுகளுக்குள்ளும் வந்தது.

ஒரு விளையாட்டு நல்லதா என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது டயரின் இந்தப் பிடியைத்தான். மழைத்துளி கண்ணாடியில் வழிவதும் பானட்டில் மேகம் தெரிவதும் அழகுதான். பிரேக் போடும்போது முன்பக்கம் அழுந்துவது கைக்குத் தெரியாவிட்டால் அத்தனை அழகும் வீண். 1997இல் ஜப்பானின் கசுனோரி யமாவுச்சி ‘கிரான் டூரிஸ்மோ’வைக் கொண்டுவந்தபோது ஒவ்வொரு காரும் வேறு வேறு மாதிரி ஓடியதுதான் உலகத்தை நிமிர்ந்து உட்கார வைத்தது.

கோவைக்கும் இந்த உலகத்தில் ஓர் இடம் உண்டு. 1980களின் இறுதியில் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைச் செய்தவர் கோவைக்காரர் எஸ். கரிவர்தன். 1995இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில் அமைந்தது. ஃபார்முலா மாருதியில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கோட்மாஸ்டர்ஸ் வெளியிட்ட ‘எஃப் 1 2011’ விளையாட்டில் எச்ஆர்டி அணியின் ஓட்டுநராக அவரைத் தேர்ந்தெடுத்து, கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டில் ஓட்டலாம். நிஜ புத் சர்க்யூட்டில் ஃபார்முலா ஒன் பந்தயம் 2013உடன் நின்றுவிட்டது.

விளையாட்டில் வரும் காரின் பெயர், ஓட்டுநரின் முகம், ஓடும் பாட்டு எல்லாவற்றுக்கும் பெரிய வெளியீட்டாளர்கள் உரிமம் வாங்குகிறார்கள். உரிமத்துக்குக் கெடு உண்டு. கெடு முடிந்தால் விளையாட்டு விற்பனையிலிருந்து போய்விடும். பலரும் கொண்டாடிய ‘ஃபோர்ஸா ஹொரைஸன் 4’ 2024 டிசம்பரில் அப்படித்தான் போனது. வாங்கியவர்களாவது இன்னும் ஓட்டலாம். யூபிசாஃப்டின் ‘தி க்ரூ’வை வாங்கியவர்களுக்கு நிறுவனம் அதையும் விட்டுவைக்கவில்லை. 2014இல் முழு விலைக்கு விற்ற விளையாட்டு. தனியாக ஓட்டுவதற்கும் நிறுவனத்தின் சர்வர் வேண்டியிருந்தது. 2024 மார்ச் 31இல் சர்வரை நிறுத்தினார்கள். டிஸ்க்கைக் கையில் வைத்திருந்தவர்கூட ஓட்ட முடியாமல் போனது. ‘கிரான் டூரிஸ்மோ 7’ 2022 மார்ச்சில் ஓர் அப்டேட் கோளாறால் 30 மணி நேரத்துக்கு மேல் முடங்கியபோது, தனியாக விளையாடுபவர்களுக்கும் பெரும்பகுதி திறக்கவில்லை.

எங்கள் ஊரில் பல வருஷம் முன்பு செகண்ட் ஹேண்டில் வாங்கிய விசைத்தறி இன்றும் ஓடுகிறது. செய்த கம்பெனி மூடியிருக்கலாம். தேய்ந்த பல்சக்கரத்தைப் பட்டறையில் மாற்றிக்கொள்வோம். விற்றவர் ஓரிடத்தில் உட்கார்ந்து சுவிட்சை அணைத்து ஊர்த் தறிகளையெல்லாம் நிறுத்த முடியாது. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுக்கும் இந்த உரிமை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ‘தி க்ரூ’ நின்ற பிறகு ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தின் ஐரோப்பிய ஒன்றிய மனுவில் 2025இல் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். சர்வரைக் காலமெல்லாம் நடத்து என்று அவர்கள் கேட்கவில்லை. நிறுத்தும்போது, சர்வர் இல்லாமலும் ஓடும்படி செய்துவிட்டுப் போ என்கிறார்கள்.

அது செய்யக்கூடிய காரியம்தான். ரோமுக்கு அருகே வல்லெலுங்கா பந்தயத் தடத்தை ஒட்டி இயங்கிய கூனோஸ் என்ற சிறு குழுவின் ‘அஸெட்டோ கோர்ஸா’ 2014இல் கம்ப்யூட்டரில் முழுமையாக வந்தது. இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலும் தனியாக ஓட்டலாம். புதுத் தடங்களையும் கார்களையும் ஆட்டக்காரர்களே செய்து சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த முறை பந்தய விளையாட்டு வாங்கும் முன், ஏற்கெனவே வாங்கிய நண்பர் வீட்டுக்குப் போங்கள். அங்கே வைஃபையை அணைக்கச் சொல்லுங்கள். விளையாட்டு திறந்தால் ஒரு வளைவில் பிரேக் போட்டுப் பாருங்கள். முன்பக்கம் அழுந்துவது கைக்குத் தெரிந்தால் தாராளமாக வாங்கலாம்.