திண்டுக்கல்லின் பழைய தாள்

திண்டுக்கல்லுக்கு நில அளவைத் துறையில் இன்னொரு பெயர் உண்டு: 58 எஃப்/15. இந்திய நில அளவைத் துறையின் தலப்பட வரிசையில் ஊர் இடம்பெறும் தாளின் எண் அது. நிலத்தடி நீர் தேடுபவர்கள் ‘டோப்போ ஷீட்’ என்பார்கள்.

பழைய தாள்கள் மைலுக்கு ஓர் அங்குலம், அதாவது 1:63,360. மெட்ரிக் முறை வந்தபின் 1:50,000 ஆயிற்று. ஒரு தாளின் பக்கம் கால் பாகை. நம் பகுதியில் 27 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் தாள் முடிந்துவிடுகிறது. ஊர் அந்த ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதால், கிழக்கே கொஞ்சம் நகர்ந்தாலே 58 ஜே/3 தாளை எடுக்க வேண்டும். 1802இல் சென்னையில் லாம்டன் தொடங்கிய முக்கோண அளவையின் பெருவில்லும் இந்த 78ஐ ஒட்டியே குமரியிலிருந்து வடக்கே போனது.

பழுப்புக் கோடுகள் சம உயரத்தைக் காட்டுபவை. கோட்டைப் பாறை சுற்றுத் தரையிலிருந்து சுமார் 280 அடி. 50 அடிக்கு ஒரு கோடு என்றால், கால் அங்குல இடத்துக்குள் ஐந்தாறு கோடுகள் நெருக்கியடிக்கும். ஆனால் பாறையைப் பார்க்கப் படம் எதற்கு? நிமிர்ந்தாலே தெரியுமே!

தாளின் அருமை குளங்களில்தான். கரை வில்லாய் வளைந்து கறுப்பில் இருக்கும். நீர் நிற்கும் இடம் நீலம். வறண்டு கிடப்பதற்கு நீலம் கிடையாது. ஒரு குளத்தின் மறுகாலைப் பிடித்துக்கொண்டே போனால் அடுத்த குளம் வரும். சமவெளி வடக்கே சரிகிறது; கொடகனாறு அமராவதியில் போய்ச் சேர்கிறது. மஞ்சள் நிறம் விளைநிலம். செயற்கைக்கோள் படம் இன்றைய கூரைகளைக் காட்டும். அந்தக் கூரைகளுக்கு அடியில் வாய்க்கால் ஓடியதா என்பதைப் பழைய தாள்தான் சொல்லும்.

தாளின் வயதைப் பிடிப்பதும் எளிது. மதுரை மாவட்டம் என்றிருந்தால் அது 1985க்கு முந்தையது. சின்னாளபட்டி அருகே காந்திகிராமம் இல்லையென்றால் அளந்தது 1947க்கு முன்னால். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் அதைத் தொடங்கியது அந்த ஆண்டில். ஓரத்தில் அச்சிட்ட ஆண்டோடு அளந்த ஆண்டும் இருக்கும். நம்ப வேண்டியது அளந்த ஆண்டையே.

இன்றைய பொதுவரிசைத் தாள்களைத் துறையின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். பழையவற்றுக்கு நூலகங்களைத் தேட வேண்டும். மனை வாங்கப் போகிறவர்கள் வில்லங்கச் சான்றிதழோடு இந்தத் தாளையும் ஒருமுறை விரித்துப் பாருங்கள்.