அசலைவிட அரிய போலிகள்

சேகரிப்போர் உலகம் – 11

கோப்பிக் காலத்துப் பித்தளை வில்லைகளைச் சேர்ப்பவர்களைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் பிளாஸ்டிக்குக்கு வருவோம். தொலைக்காட்சியில் ஓடிய விஞ்ஞானக் கதைத் தொடர்களின் பாத்திரங்களை உள்ளங்கை அளவில் வார்த்து விற்பார்களே, கையும் காலும் மடங்கும் பொம்மைகள், அவற்றைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். ஆக்‌ஷன் ஃபிகர் என்பது அவர்கள் வழங்கும் பெயர். பதுளை பஸார் வீதியில் அப்பாவின் கையைப் பிடித்து இழுக்கும் பிள்ளை கேட்பது "பென் டென் பொம்மை".

அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை ஓடிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரை, போதிய பார்வையாளர்கள் இல்லையென்று நிறுத்திவிட்டார்கள். பிறகு மறுஒளிபரப்பில்தான் அதற்குப் பெருங்கூட்டம் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தை நம்பி 1974இல் மீகோ என்ற நிறுவனம் எட்டு அங்குலப் பொம்மைகளை இறக்கியது. கேப்டன் கிர்க், ஸ்பொக், உஹுரா என்று ஒவ்வொருவருக்கும் துணியில் தைத்த உடுப்பு. அவை நன்றாக விற்றன. அடுத்து வந்த வேற்றுக்கிரகவாசிகள் சிலரை அவ்வளவாக யாரும் வாங்கவில்லை. இன்று சேகரிப்பாளர்கள் அலைவது அன்று விலைபோகாத அந்தப் பொம்மைகளுக்காகத்தான். இந்த உலகின் முதல் விதியை இங்கேயே கண்டுகொள்ளலாம்: எல்லாரும் பத்திரப்படுத்தியதற்கு விலை ஏறுவதில்லை, யாரும் சட்டை செய்யாததற்கு ஏறுகிறது.

பிழைகளுக்கும் இதே கதைதான். பிரித்தானியாவின் 'டொக்டர் ஹூ' 1963இல் தொடங்கிய தொடர். டாலெக் எனும் இயந்திரப் பகைவர்களைப் படைத்த டாவ்ரோஸ் என்பவனுக்கு அதில் ஒரு கைதான் இயங்கும். 1980களின் கடைசியில் டேப்போல் நிறுவனம் வெளியிட்ட பொம்மையிலோ டாவ்ரோஸுக்கு இரண்டு கைகள் இருந்தன. கே-9 என்ற இயந்திர நாய் பச்சை நிறத்தில் வந்தது. ஆறு பக்கம் இருக்க வேண்டிய விண்கல இயக்குமேசைக்கு ஐந்து பக்கம். அன்று ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். இன்று அந்தப் பிழைகளைச் சொல்லித்தான் விற்கிறார்கள், வாங்குகிறார்கள்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' தொடருக்காக மேட்டல் 1978இல் விற்ற விண்கலத்திலிருந்து பாய்ந்த சிறு ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்தது. அதைக் கண்டு கென்னர் நிறுவனம், 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்காகத் தான் விற்கவிருந்த ஏவுகணைப் பொம்மை ஒன்றைக் கடைக்கு அனுப்பாமலே கைவிட்டது. எஞ்சியவை சில மாதிரி வார்ப்புகள். 2024இல் அவற்றில் ஒன்று 5 லட்சம் டொலருக்கு மேல் ஏலம் போனது. பணத்தின் கணக்கு அதுவாகவே இருக்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு.

அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் நம் பக்கத்துப் பொம்மைகளைத் தேடுகிறார்கள் என்றால் நம்புவீர்களா? 1946இல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய சிறு பட்டறைதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப் டயர் கம்பெனியானது. அது அமெரிக்காவின் பொம்மைக் கம்பெனியான ஹாஸ்ப்ரோவுடன் கைகோத்து 1987இல் ஃபன்ஸ்கூலைத் தொடங்கியது. ஜி.ஐ. ஜோ வீரர்களின் வார்ப்பச்சுகள் இந்தியாவுக்கு வந்தன. நிறங்களை இங்கே மாற்றினார்கள். அமெரிக்கக் கடைகளில் எக்காலத்திலும் கிடைக்காத மஞ்சளும் நீலமுமாக வந்த அந்த வீரர்களை இன்று அங்குள்ளவர்கள் கடல் கடந்து வரவழைக்கிறார்கள். அவையாவது அனுமதி பெற்றுச் செய்தவை. துருக்கியில் 1980களில் யாரிடமும் கேட்காமல் வார்த்த 'உஸாய்' என்ற 'ஸ்டார் வார்ஸ்' போலிகள் அசலைவிடப் பல மடங்கு விலைக்குப் போகின்றன.

இங்கேதான் ஊவாவுக்குத் திரும்ப வேண்டும்.

விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1945இல் எழுதிய கட்டுரை, பூமியோடு சேர்ந்து சுற்றும் செயற்கைக்கோள்கள் வழியாக உலகெங்கும் ஒலிபரப்ப முடியும் என்று காட்டியது. 1975இல் இந்திய விண்வெளி நிறுவனத்தின் பொறியியலாளர்கள் கொழும்பில் அவருடைய வீட்டுக்கே வந்து ஒரு பெரிய டிஷ் அன்டனாவைப் பொருத்தினார்கள். இலங்கையில் சொந்தத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1979இல்தான். கார் பற்றரியில் கறுப்பு வெள்ளை டி.வி. பார்த்த காலத்தைத் தாண்டி, பசறை, மடுல்சீமை, ஹாலிஎல, ஹப்புத்தளைத் தோட்டங்களின் லயத்துக் கூரைகளில் டிஷ் ஏறியபோது, கிளார்க் சொன்ன அந்த வட்டப்பாதையிலிருந்துதான் 'பென் டென்' தமிழில் பேசிக்கொண்டு காம்பராவுக்குள் வந்தான். பத்து வயதுப் பையன். கையில் கட்டிய கருவியைத் தட்டினால் பத்து வேற்றுக்கிரக உருவங்களாக மாறுவான். தொடர் அமெரிக்காவில் தொடங்கியது 2005இன் கடைசியில். அடுத்த வருடமே ஜப்பானின் பண்டாய் நிறுவனம் பொம்மைகளைக் கொண்டுவந்துவிட்டது.

பண்டாயின் அசல் பொம்மை தோட்டத்துக்கு எங்கே வரப் போகிறது? நாள் சம்பளம் 1,000 ரூபாயைத் தொட்டதே 2021இல்தான், அதுவும் எத்தனை வருடப் போராட்டத்துக்குப் பிறகு. வந்தவை போலிகள். சம்பள நாள் சந்தையிலும் தேர்த் திருவிழாக் கடையிலும், தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வந்த வாரத்தில் பஸார் வீதி நடைபாதையிலும் தொங்கின. சிவப்பாக இருக்க வேண்டிய நாலு கைக்காரன் நீலமாக இருப்பான். பென்னின் படம் போட்ட அட்டையில் வேறொரு தொடரின் வீரன் ஒட்டியிருப்பான். இரண்டு நாளில் தோள்மூட்டு கழன்றுவிடும். அப்பா கம்பியைச் சூடுகாட்டி ஒட்டவைப்பார். டின் மீன் தகரத்தில் உடலும் தேய்ந்த ரப்பர் செருப்பில் சக்கரமுமாக வண்டி செய்த பிள்ளைகள், அந்த வண்டியில் இவனை உட்காரவைத்து லயத்து வாசலில் ஓட்டினார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. குவைத்துக்கும் சவூதிக்கும் லெபனானுக்கும் வீட்டு வேலைக்குப் போன தாய்மார்கள் அனுப்பிய பெட்டியில் வந்தவை. சவர்க்காரம், பால்மா, சட்டைத் துணிகளுக்கு நடுவில் பளபளக்கும் உறையோடு ஒரு ரோபோவோ விண்வெளி வீரனோ இருப்பான். அதைப் பிள்ளை கையில் கொடுக்க மாட்டார்கள். ஷோகேஸின் மேல் தட்டில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் பிரிக்காமலே வைத்துவிடுவார்கள். இப்படி எத்தனையோ காம்பராக்களில் பார்த்திருக்கிறேன். பெட்டி பிரிக்காத பொம்மைக்குத்தான் மதிப்பு என்று மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். விற்கும்போது விலை குறையும் என்பது அவர்கள் பயம். இந்தக் காம்பராக்களிலோ அம்மா திரும்பி வரும்வரை அவள் அனுப்பியது அப்படியே இருக்க வேண்டும் என்பதற்காக அது பிரிபடாமல் இருந்தது. பிரிக்காத பெட்டிக்கு இதைவிடப் பெரிய காரணம் எந்த நாட்டிலும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஊவாவில் ஒருவர் இப்போது சேகரிக்கத் தொடங்கினால் மீகோவையும் கென்னரையும் துரத்த வேண்டாம். அவற்றைப் பாதுகாக்க உலகமெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள், விலைப்பட்டியல் இருக்கிறது, கண்ணாடிப் பேழை இருக்கிறது. நிறம் தப்பிய நம் நாலு கைக்காரனுக்கு யாரும் இல்லை. 2005க்குப் பிறகு லயங்களில் வளர்ந்த ஒரு தலைமுறை எதைக் கனவு கண்டது, அந்தக் கனவை எந்த விலைக்கு வாங்க முடிந்தது என்பதற்கு அவனே சாட்சி. எழுத்தில் அந்தச் சாட்சி கிடையாது.

சேர்ப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மலைநாட்டு ஈரம் பிளாஸ்டிக்கைவிட அட்டைக்கும் துணிக்கும் எதிரி. மார்கழி, தை மழையில் பூஞ்சணம் பிடித்துவிடும். கச்சான் காற்று அடிக்கும் ஆடி, ஆவணியில் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும். மென்மையான பிளாஸ்டிக் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டாமல், இளஞ்சூட்டுத் தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவித் துடைத்துக் காற்றாட வையுங்கள். பற்றரியை உடனே கழற்றிவிடுங்கள், கசிந்தால் உள்ளே எல்லாவற்றையும் அரித்துவிடும். ஜி.ஐ. ஜோ வகைப் பொம்மைகளின் இடுப்பை ஒரு ரப்பர் வளையம்தான் பிடித்திருக்கிறது. அது இற்றுப்போனால் தண்ணீர்க் குழாய்ச் சாமான் விற்கும் கடையில் அதே அளவு வளையம் கேட்டுப் பாருங்கள். உடைந்த தோளை அப்பா சூடுகாட்டி ஒட்டியிருந்தால் அந்தத் தழும்பைத் திருத்தாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வேலை இருக்கிறது. பொம்மையோடு ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். எந்த வருடம், எந்தச் சந்தை, என்ன விலை, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன். வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் எந்த நாடு, அம்மா எத்தனை வருடம் அங்கே இருந்தார் என்பதையும் எழுதுங்கள். அம்மாவே சொல்ல, பிள்ளை எழுதினால் இன்னும் நல்லது. இந்தத் தீபாவளிக்குக் காம்பராவை வெள்ளையடிக்கும்போது, ஷோகேஸின் மேல் தட்டில் இருப்பதைக் குப்பையோடு சேர்த்து எறிந்துவிடாதீர்கள்.

(தொடரும்)