பெருவிகாரமும் இரச இழையும்

பொருளொன்றை இழுக்குமிடத்து உண்டாகும் நீட்சியை அதன் தொடக்க நீளத்தால் வகுக்க வருவது விகாரமாகும். மென்னுருக்குக் கோல் மீளுமெல்லையைக் கடவாதவரை அதன் விகாரம் ஆயிரத்தில் ஓரிரு பங்கே; இறப்பர் நாடாவோ இருமடங்காக நீண்டும் மீளும். அதனை இழுத்து விளையாடாத மாணவர் இலர். ஆயினும் அதன் விகாரத்தைச் செவ்வையாய் அளத்தல் எளிதன்று.

கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறுமென்பதை வில்லியம் தொம்சன், பிற்காலத்துக் கெல்வின் பிரபு, 1856 இல் அறிவித்தார். 1938 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் இருவர் தனித்தனியே இத்தத்துவத்தைக் கொண்டு, பொருளின்மேல் ஒட்டத்தக்க கம்பி விகாரமானியை அமைத்தனர். பாலத்துக்கும் விமானத்துக்கும் அது போதும். இறப்பரில் ஒட்டினால் நிகழ்வது வேறு. நூற்றுக்குச் சில பங்கு நீண்டதும் கம்பி அறும் என்பது சிறு குறையே. அறுந்தமையை உடனே அறியலாம். அறாதவிடத்தே தீமை பெரிது. கம்பி இறப்பரினும் பன்மடங்கு விறைப்பானது; ஆதலின் அது ஒட்டிய இடம் நீளாது நிற்க, சுற்றியுள்ள இடமே நீளும். மானி காட்டும் சிற்றெண் பொய். அளப்போனோ அதனை மெய்யென்று குறித்துக்கொள்வான்.

ஆகவே மானி, அளக்கப்படும் பொருளினும் மென்மையாதல் வேண்டும். 1953 இல் உவிற்னி என்பார் கை கால்களின் கனவளவு மாற்றத்தை அளப்பதற்கு, இரசம் நிரப்பிய நுண்ணிய இறப்பர்க் குழாயைக் கையாண்டார். இரசத்தின் கனவளவு மாறாது; குழாய் நீளுந்தோறும் இரச இழையின் குறுக்குவெட்டுப் பரப்பு அதற்கேற்பக் குறையும். எனவே தடை, நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமாகும். இக்குழாயைக் காலைச் சுற்றிக் கட்டியதாகக் கொள்க. காலின் குறுக்குவெட்டுப் பரப்பும் சுற்றளவின் வர்க்கத்துக்கே நேர்விகிதசமம். ஆதலின் தடை நூற்றுக்கு ஒரு பங்கு கூடின், அவ்விடத்துக் காலும் நூற்றுக்கு ஒரு பங்கு பருத்ததாகும். வேறு கணக்கு வேண்டாமலே மானி விடை கூறுகின்றது! நாளங்களைச் சிறிதுநேரம் அழுத்தி மறித்து, காலினுட் புகும் குருதியின் அளவை ஆராய்ச்சியாளர் அறிந்தது இவ்வழியாலேயாம்.

மாணவர் இடறுமிடம் ஒன்றுண்டு. சிறு விகாரத்தில், தடை கூடும் பங்கினை விகாரத்தின் இருமடங்கு எனக் கொள்ளலாம். நீளம் இரட்டித்து விகாரம் 1 ஆகுமிடத்தோ தடை நான்மடங்காகும். கூடிய பங்கு 2 அன்று, 3.

இரசம் நஞ்சாதலின், இன்று கல்லியம், இந்தியம் என்னும் இரு உலோகங்களின் கலவை அதனிடத்தைப் பெற்றுவருகின்றது. அது ஏறத்தாழ 15.5 பாகை சதமவளவையில் உருகுமாதலின் யாழ்ப்பாணத்தில் எஞ்ஞான்றும் திரவமே. நுவரெலியாவின் இரவுக் குளிரில் உறையவுங்கூடும்.