சோறும் சேதியும் – 11: வாழைப்பழம் வாங்கிக்கொண்ட பெயர்

சென்ற வாரம் சிறுதானியங்களைப் பற்றி எழுதியதும் வாசகர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். சியா விதை, குயினோவா, முருங்கைப் பொடி, மஞ்சள் மாத்திரை என்று ‘சூப்பர்ஃபுட்’ முத்திரையோடு விற்கிறார்களே, உண்மையிலேயே இவற்றால் உடம்புக்கு நன்மை உண்டா? பதிலுக்கு 100 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும், நியூயார்க் நகரத்துக்கு.

சிட்னி ஹாஸ் அங்கே குழந்தை மருத்துவர். அவரிடம் வந்த சில குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு ஓயவே ஓயாது. வயிறு உப்பியிருக்கும், கை கால் குச்சியாகிவிடும், என்ன கொடுத்தாலும் எடை ஏறாது. சீலியாக் என்று நோய்க்குப் பெயர் இருந்ததே தவிர, காரணம் தெரியவில்லை. பல குழந்தைகள் இறந்துபோனார்கள். ஹாஸ் ஒரு பத்தியம் வகுத்தார். ரொட்டி, பிஸ்கட், உருளைக்கிழங்கு, தானியம் எதுவும் கூடாது. வாழைப்பழம் நிறையக் கொடுக்க வேண்டும். 1924இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 10 குழந்தைகளின் கணக்கு இருக்கிறது. வாழைப்பழப் பத்தியத்தில் இருந்த 8 பேரும் தேறிவிட்டார்கள். மற்ற 2 பேரும் இறந்துவிட்டார்கள்.

இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வாழைப்பழ வணிகத்தில் கொடிகட்டிப் பறந்த யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி அந்தப் பழத்தின் சத்துகளை ஏற்கெனவே விளம்பரப்படுத்திக்கொண்டிருந்தது. இப்போது டாக்டர்களும் அதையே சொன்னார்கள்.

நோய்க்குக் காரணம் என்ன என்பதற்கு விடை வேறொரு நாட்டில், கொடுமையான ஒரு காலத்தில் கிடைத்தது. 1944–45 குளிர்காலத்தில், ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்த நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் துடித்தது. ரொட்டி கிடைக்காமல் துலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர்கள் உண்டு. தி ஹேக் நகரின் யூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த டாக்டர் வில்லம் டிக்கே ஒன்றைக் கவனித்தார். ஊரே வாடிக்கொண்டிருந்தபோது சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறிவந்தார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் அவர்கள் மறுபடி படுத்துவிட்டார்கள். அவர் முன்பே கோதுமையைச் சந்தேகித்தவர். 1950இல் தன் ஆய்வேட்டில் அதை நிறுவிக் காட்டினார்.

ஆக, ஹாஸின் குழந்தைகளைக் காப்பாற்றியது அவர் ரொட்டியை விலக்கியதுதான். கோதுமை இல்லாமல் வயிற்றை நிரப்பியதுதான் வாழைப்பழம் செய்த உதவி. பெயரை மட்டும் அது வாங்கிக்கொண்டது. இதை வெறும் தகவலாக என்னால் கடந்துபோக முடியவில்லை. பத்தியம் முடிந்தது, குணமாகிவிட்டது என்று நம்பிய குழந்தைகள் மறுபடி ரொட்டி சாப்பிட்டார்கள், அவர்களுடைய குடல் மறுபடி புண்ணானது. வேதனை என்னவென்றால், போர்ட்டோ ரிக்கோவின் ஓர் ஊரில் ரொட்டி தின்பவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட நோய் வருகிறது, வாழைப்பழத்தில் வாழும் விவசாயிகளுக்கு வருவதில்லை என்று ஹாஸே அதே கட்டுரையில் குறிப்பிட்டிருந்தார். அவர் கண் பழத்தின் மேலேயே இருந்தது.

இன்றும் நம் கண் பழத்தின் மேல்தான் இருக்கிறது. காலையில் பூரியும் இனிப்புக் காபியுமாக இருந்தவர், அதை விட்டுவிட்டு சியா விதை ஊறவைத்த தயிரைச் சாப்பிடுகிறார். எடை குறைகிறது, சர்க்கரை கட்டுப்படுகிறது. சியாவில் நார்ச்சத்து உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பூரியும் சர்க்கரையும் போனதற்குரிய பெயர் யாருக்குப் போகிறது? அதே மனிதர் பூரிக்கு மேல் சியாவையும் சேர்த்துச் சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு பொருள் நல்லதா என்று கேட்கும்போது, அது தட்டில் எதன் இடத்துக்கு வருகிறது என்றும் கேட்க வேண்டும்.

அடுத்துக் கேட்க வேண்டியது அளவை. முருங்கைப் பொடி டப்பாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாலைப் போல 17 மடங்கு கால்சியம், ஆரஞ்சைப் போல 7 மடங்கு வைட்டமின் சி என்று அச்சிட்டிருப்பார்கள். செனகல் நாட்டில் ஊட்டச்சத்துக் குறைவைப் போக்க முருங்கையைப் பரப்பிய லோவெல் ஃபுக்லியின் அட்டவணையில் இந்த எண்கள் உண்டு. ஆனால் 17 மடங்கு என்பது காய்ந்த பொடிக்கு. 7 மடங்கு என்பது பச்சை இலைக்கு. காயவைத்தால் வைட்டமின் சி பெரும்பாலும் அழிந்துவிடும். அதே அட்டவணைப்படி பொடியில் இருப்பது ஆரஞ்சில் பாதிதான்! இரண்டு வரிசையிலிருந்தும் பெரிய எண்ணை மட்டும் பொறுக்கி ஒரே டப்பாவில் ஒட்டிவிடுகிறார்கள்.

சரி, அந்த 17 மடங்கு? 100 கிராம் பொடியில் சுமார் 2,000 மில்லிகிராம் கால்சியம். 100 கிராம் பொடியை யார் சாப்பிடுகிறார்கள்? ஒரு டீஸ்பூன் 3 கிராம் என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது 60 மில்லிகிராம். 200 மில்லி பாலில் 240 இருக்கிறது. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை, 50 கிராம் அளவுக்கு, பொரியல் செய்தால் 150 மில்லிகிராமுக்குமேல் உண்டு. டப்பாவின் விலைக்கு எத்தனை கட்டுக் கீரை வாங்கலாம் என்பதை நீங்களே கணக்குப் போடுங்கள். கீரையில் எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்புச்சத்து கூடுதலாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது குறையும்.

கேழ்வரகு பிஸ்கட்டுக்கும் டப்பாவைப் படிக்கும் பழக்கம் உதவும். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். முதலிடத்தில் மைதாவும் அடுத்து சர்க்கரையும் இருந்தால், முகப்பில் எத்தனை பெரிய கேழ்வரகுக் கதிர் இருந்தாலும் அது மைதா பிஸ்கட்டே.

ஆன்டிஆக்சிடன்ட் கதை வேறு. சோதனைக் குழாயில் அளந்த மதிப்பெண்ணைப் போட்டு ‘புளூபெர்ரியே முதலிடம்’ என்று விற்றார்கள். அமெரிக்க வேளாண் துறை அந்த மதிப்பெண் பட்டியலையே 2012இல் விலக்கிக்கொண்டது. குழாயில் நடப்பது உடம்பில் நடக்கும் என்று சொல்ல முடியாது என்பதுதான் காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில், அனுமதி பெற்ற ஆரோக்கியக் கூற்று ஒன்று துணைக்கு இல்லாமல் ‘சூப்பர்ஃபுட்’ என்று அச்சிட்டு விற்க 2007 முதல் தடை இருக்கிறது.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது மஞ்சள் மாத்திரை. மாத்திரைக்காரர்கள் முன்னிறுத்தும் குர்குமின் என்ற பொருள் சமையல் மஞ்சளில் 100க்கு 3 பங்கு அளவுதான், அதிலும் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வில், மிளகிலுள்ள பைப்பரினையும் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் குர்குமின் பல மடங்கு கூடியது. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் செறிவாக்கி மாத்திரை போட்டுவிட்டார்கள். மூட்டுவலி ஓரளவு குறைவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அதற்குமேல் சொல்லும் பெரிய வாக்குறுதிகளுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இந்த மாத்திரைகளை எடுத்துக்கொண்ட சிலருக்குக் கல்லீரல் வீங்கிப்போயிருக்கிறது.

சாம்பாரில் போடும் மஞ்சளால் இந்தப் பயம் இல்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ‘இயற்கைதானே’ என்று விட்டுவிடாதீர்கள். கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு, அந்த மாத்திரைப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.