காற்றுப் படாத இடத்தில் கரையும் இரும்பு

பழைய அம்பாசடர் ஒன்றின் பின்சக்கரத்துக்கு மேலே பெயின்ட் மிளகளவு புடைத்திருக்கும். வாங்க வந்தவர் விரலால் தடவிப் பார்த்து, "லேசான துருதான், தேய்த்து அடித்தால் போய்விடும்" என்பார். விற்பவரும் தலையாட்டுவார். அந்தப் புடைப்பின் மேல் ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்தினால் பல கார்களில் முனை மறுபக்கம் போய்விடும். துரு வெளியிலிருந்து உள்ளே போகவில்லை. உள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது. கண்ணில் படுவது அதன் கடைசிக் கட்டம்.

ஏன் இப்படி? காற்றும் நீரும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும் என்று பள்ளியில் படித்தோம். அப்படியானால் காற்று நன்றாகப் படும் இடம்தானே முதலில் அரிக்கப்பட வேண்டும்? நடப்பது நேர் எதிர். காற்று குறைவாகக் கிடைக்கும் இடத்தில்தான் இரும்பு கரைகிறது. பழைய கார் ஒன்றை வீட்டில் வைத்துச் சரிசெய்ய நினைக்கும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். வெட்டுவது, ஒட்டுவது, பட்டி பார்ப்பது எல்லாம் அதற்குப் பிறகு.

கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற வேதியியலாளர் 1920களில் இதை ஒரே ஒரு சொட்டு உப்புநீரில் காட்டினார். பளபளப்பாகத் தேய்த்த இரும்புத் தகட்டின்மேல் ஒரு சொட்டு உப்புநீர். அதில் இரண்டு பொருள்களைக் கலந்திருந்தார். ஒன்று, இரும்பு கரைந்தால் நீலமாகும். மற்றொன்று, காரத்தன்மை தோன்றினால் இளஞ்சிவப்பாகும். சிறிது நேரத்தில் சொட்டின் நடுப்பகுதி நீலமாயிற்று, விளிம்பு சிவந்தது, இரண்டுக்கும் இடையில் பழுப்பு வளையமாகத் துரு படிந்தது.

சொட்டின் விளிம்பு மெல்லியது. அங்கே காற்றிலுள்ள ஆக்சிஜன் எளிதில் தகட்டை எட்டும். நடுவில் நீர் தடிமன். ஆக்சிஜன் அவ்வளவு தூரம் இறங்கி வருவதற்குள் தீர்ந்துபோகிறது. விளிம்பிலுள்ள ஆக்சிஜனுக்கு எலக்ட்ரான்கள் வேண்டும். நடுப்பகுதி இரும்பு அவற்றைத் தகட்டின் வழியாகவே அனுப்பிவைக்கிறது. எலக்ட்ரானை இழந்த இரும்பு அணு அயனியாகி நீரில் கரைகிறது. ஆக, ஒரு சொட்டு நீருக்குள் ஒரு பேட்டரி ஓடுகிறது. செலவாவது நடுப்பகுதி, விளிம்பு வெறும் வாடிக்கையாளர். துரு என்று நாம் பார்க்கும் பழுப்புப் பொருள், கரைந்த இரும்பும் விளிம்பின் காரமும் நடுவழியில் சந்தித்து, மேலும் ஆக்சிஜன் ஏறியபின் உண்டாவது. துரு தெரியும் இடம் வேறு, இரும்பு தேயும் இடம் வேறு.

இப்போது காருக்கு வருவோம். மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1958 முதல் 2014 வரை அம்பாசடர் தயாரிக்கப்பட்டது. அதன் மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் கார். அதற்குத் தனிச் சட்டகம் கிடையாது. வளைத்துப் பற்றவைத்த தகடுகளே ஒன்றுசேர்ந்து பாரத்தைத் தாங்குகின்றன. தகடும் தகடும் ஒன்றன்மேல் ஒன்று படியும் மடிப்புகள் அதில் எங்கும் உண்டு. கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நீளப்பெட்டியாக ஓடும் பகுதி உண்டு, அதைச் சில் என்பார்கள். மூடிய பெட்டி, உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. மடிப்புக்குள் நுழைந்த ஈரம் எவன்ஸின் சொட்டு போலவே வேலைசெய்கிறது. வாயில் ஆக்சிஜன் இருக்கிறது, அடியில் இல்லை. அடியிலுள்ள தகடு கரைகிறது. பெயின்ட்டுக்கு அடியிலும் இதே கதைதான். ஒரு கீறல் விழுந்தால், கீறலைவிட அதன் ஓரத்தில் பெயின்ட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்பு தேய ஆரம்பிக்கும்.

துரு, அது தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை அதிக இடம் கேட்கும். அரிசி சோறாவது போல ஊதிப் பெருகும் அந்தப் பொருள் மடிப்புகளை நெம்பிப் பிரித்து, பெயின்ட்டை மேலே தள்ளுகிறது. அதுதான் நாம் பார்த்த மிளகு.

உப்பு சேர்ந்தால் நிலைமை மோசம். இரும்பு கரையும் குழிக்குள் குளோரைடு தானாகவே போய்ச் சேர்கிறது. அங்கே உள்ள நீர் அமிலமாகிறது. அமிலம் மேலும் இரும்பைக் கரைக்கிறது. கரைந்த இரும்பு மேலும் குளோரைடை இழுக்கிறது. போதாததற்கு, கடல் உப்பிலுள்ள மெக்னீசியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தாலும் ஈரத்தை உறிஞ்சிக் கசியும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ கடற்கரையை ஒட்டி நிற்கும் காருக்கு உலர்ந்த நாள் என்று ஒன்று அநேகமாகக் கிடையாது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி, அரிமானத்தை ஆராய மண்டபம் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. உலோகத்துக்கு அதைவிடக் கொடிய இடத்தைத் தேட வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தால் டிங்கர் வேலையின் முதல் விதி தானாகவே விளங்கும். துருவைத் தேய்த்தால் போதாது. பளபளக்கும் நல்ல இரும்பு வரும்வரை வெட்ட வேண்டும். பழகியவர்கள் தகட்டைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார்கள். நல்ல தகடு கணீரென்னும். உள்ளே அரிக்கப்பட்டது மந்தமாக ஒலிக்கும். காந்தம் இன்னொரு உளவாளி. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைப் பெயின்ட்டின் மேல் நகர்த்தினால், கனமாகப் பட்டி அப்பிய இடத்தில் பிடி தளரும். பழைய கார் வாங்கப் போகிறவர் ஜாதகம் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்கலாம்.

வெட்டும்போது ஒரு எச்சரிக்கை. சில் பகுதி அலங்காரமல்ல, முதுகெலும்பு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அறுத்தெடுத்தால் கார் நடுவில் தொய்ந்துவிடும். பிறகு கதவு எந்த ஜென்மத்திலும் ஒழுங்காகச் சாத்தாது. கதவு இடைவெளிக்குக் குறுக்கே ஒரு குழாயைப் பற்றவைத்துத் தாங்குகொடுத்து, கதவு இடுக்குகளை அளந்து குறித்துக்கொண்டு, ஒரு பக்கத்தை முடித்தபின் மறுபக்கம் போக வேண்டும். தரைவிரிப்பு, அதற்கடியில் உள்ள கம்பளி, தார்ப்பூச்சு எல்லாம் தீப்பிடிக்கும், எடுத்துவிட வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் டாங்கைக் கழற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோகாமல் அதன் பக்கத்தில் நெருப்பு வைப்பவருக்கு இந்தக் கட்டுரை உதவாது. காலி டாங்க்தான் அதிக ஆபத்து, உள்ளே இருப்பது ஆவி.

ஒட்டுத்தகடு வைத்துப் பற்றவைப்பதில்தான் வீட்டு மெக்கானிக் பெரும்பாலும் தோற்கிறார். காரணம் கைத்திறன் மட்டுமல்ல, வெப்பம். ஒரு மீட்டர் இரும்புத் தகட்டை 100 டிகிரி சூடாக்கினால் 1.2 மில்லிமீட்டர் நீளும். பற்றவைக்கும் இடத்திலோ இரும்பு உருகுகிறது, அதாவது ஏறத்தாழ 1,500 டிகிரி. சூடான பகுதி விரியப் பார்க்கிறது; சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடுவதில்லை. மென்மையாகிவிட்ட சூடான இரும்பு தனக்குள்ளேயே அமுங்கித் தடிக்கிறது. ஆறும்போது எல்லாம் சேர்ந்து சுருங்குகிறது. ஆனால் முன்பு அமுங்கியது அமுங்கியதுதான். ஆகவே அந்த இடம் முன்பைவிடக் குறுகி, பக்கத்துத் தகட்டைத் தன் பக்கம் இழுக்கிறது. நேராக இருந்த கதவு அலையலையாக நெளிகிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள தகட்டில் ஒரே இழுப்பில் கோடு போட்டவர் செய்த வேலை இது.

மருந்து பொறுமை. ஓர் ஓரத்தில் ஒரு பொட்டு, எதிர் ஓரத்தில் ஒரு பொட்டு, நடுவில் ஒன்று. ஒவ்வொன்றும் கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகே அடுத்தது. பொட்டுகள் மெல்ல மெல்லச் சேர்ந்து கோடாக வேண்டும். ஒட்டுத்தகட்டின் மூலைகளை வட்டமாக வெட்டுவதும் இதன் தொடர்ச்சிதான். கூர்மூலையில் இழுவிசை குவியும். டிங்கர்கள் இதே சுருக்கத்தைத் தங்களுக்கு வேலைக்காரனாகவும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடிபட்டு நீண்டு, அழுத்தினால் "டொப்" என்று உள்ளே போய் வெளியே வரும் தகட்டின் நடுவில் ஒரு ரூபாய் நாணயமளவு இடத்தைக் கேஸ் விளக்கால் சிவக்கக் காய்ச்சி, அடியில் டாலி என்ற இரும்புக்கட்டியைப் பிடித்து மேலே நாலு தட்டுத் தட்டி, ஈரத்துணியை வைத்து ஒற்றுவார்கள். தகடு இறுகிவிடும். விரிவதால் ஏற்பட்ட கோளாறைச் சுருங்குவதால் சரிசெய்யும் இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் யார் என்று எந்த நூலும் சொல்லாது. பட்டறைகளில் வாய்வழியாகவே வந்திருக்கிறது. காரின் மற்ற எந்த வேலையையும்விட எனக்கு இதில்தான் மதிப்பு அதிகம்.

வெட்ட முடியாத இடங்களும் உண்டு. மேலாகப் பரவிய துரு, உட்குழிவுகள், எழுத்து பொறித்த பாகங்கள். இவற்றுக்கு வேதியியல் உதவும். கடையில் கிடைக்கும் துருமாற்றிகளில் முக்கியமானவை இரண்டு அமிலங்கள். பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும்; அது நீரில் எளிதில் கரையாமல் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து கருநீலப் படலமாகும். இந்தக் கறுப்பு நமக்குப் புதிதல்ல. கடுக்காயில் நிறைய டானின் உண்டு. கடுக்காய் ஊறிய நீரில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்து மை செய்தபோது நடந்தது இதே வினை. கலம்காரித் துணியின் கறுப்புக் கோடும் கடுக்காயில் தோய்த்த துணியின்மேல் இரும்புக் கரைசல் பட்டு எழுவதுதான். ஆனால் இரண்டு அமிலங்களும் மெல்லிய துருவைத்தான் மாற்றும். பொருக்குப் பொருக்காக ஏறிய துருவின் மேல் பூசினால் மேற்புறம் கறுக்கும், அடியில் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். உப்புக்குழிகளை முதலில் வெந்நீரால் பலமுறை கழுவி உலர்த்தாமல் எதைப் பூசியும் பயனில்லை.

சிறு பாகங்களுக்கு மின்பகுப்பு அருமையான வழி. பிளாஸ்டிக் வாளியில் சலவைச் சோடா கரைத்த நீர். பாகத்தைப் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், பழைய இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையிலும் இணைக்க வேண்டும். எவன்ஸின் பேட்டரியைத் தலைகீழாக ஓட்டுகிறோம் என்று சொல்லலாம். இம்முறை எலக்ட்ரானை நாம் கொடுக்கிறோம். துரு தளர்ந்து உதிரும், நல்ல இரும்பு தேயாது. சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும். நேர்முனையில் எவர்சில்வர் கரண்டியைத் தொங்கவிட்டால் நீர் மஞ்சளாகி, அதில் புற்றுநோயை உண்டாக்கும் குரோமியச் சேர்மம் சேரும். குமிழியிடும் ஹைட்ரஜன் தீப்பற்றும் என்பதால் திறந்த இடம் வேண்டும்.

வெளுத்த தகடு நம் காற்றில் சில மணி நேரம்கூடத் தாங்காது. அன்றைக்கே பிரைமர் அடித்தாக வேண்டும். மடிப்புக்குள் போகும் பரப்புகளுக்குத் துத்தநாகம் கலந்த பிரைமர் நல்லது. இதன் கொள்கையை ஆங்கில வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி 1824-ல் பிரிட்டிஷ் கடற்படைக்குச் சொன்னார். கப்பல்களின் அடியில் போர்த்திய செப்புத் தகட்டோடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்தால் அது கரைந்து செம்பைக் காக்கும் என்றார். காத்தது. ஆனால் கரையாத செம்பில் நஞ்சு கசியாததால் கொட்டலசுகள் அடியெல்லாம் அப்பிக் கப்பல் மெதுவாயிற்று. அறிவியலில் வெற்றி, கடலில் தோல்வி. காரில் கொட்டலசு வராது என்பதால் துத்தநாகத்துக்கு இங்கே எதிர்ப்பில்லை. அதன் மேல் பற்றவைக்கும்போது எழும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் மட்டும் இரவில் குளிர்காய்ச்சல் அடிக்கும்.

பட்டி பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம். பட்டி கெட்டதல்ல, ஓட்டையை அடைக்க அதைப் பயன்படுத்துவதுதான் கேடு. அதில் பாதிக்கு மேல் மாவுக்கல் தூள் போன்ற பொருள்தான், ஈரத்தை உறிஞ்சும். துருவின்மேல் அப்பிய பட்டி, காற்றை மறைத்து ஈரத்தைத் தேக்கி, துருவுக்கு அது கேட்கும் இடத்தை அமைத்துக் கொடுக்கிறது. எபாக்சி பிரைமர் அடித்த நல்ல தகட்டின் மேல் இரண்டொரு மில்லிமீட்டர் பள்ளத்தைச் சமன்செய்வதுதான் அதன் வேலை. பழைய பெயின்ட்டை உரசும்போது நீர்விட்டு உரச வேண்டும். அதில் ஈயம் இருக்கலாம். கடைசிப் பூச்சுக்கு இரண்டு கலவைப் பெயின்ட் என்றால் பட்டறைக்குக் கொடுத்துவிடுவதே மேல். அதன் கெட்டிப்படுத்தியிலுள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழலைக் கெடுக்கும். துணி முகமூடியால் தடுக்க முடியாது.

பளபளவென்று பெயின்ட் காய்ந்த பிறகு எல்லோரும் வேலை முடிந்ததென்று எண்ணும் இடத்தில் இன்னும் பாதி மீதி இருக்கிறது. பற்றவைத்த இடத்தின் பின்புறம், அந்த மூடிய பெட்டிக்குள், வெப்பத்தில் பெயின்ட் கருகி வெற்று இரும்பாகக் கிடக்கிறது. நீளக்குழாய் மாட்டிய ஸ்ப்ரேயால் மெழுகை உள்ளே செலுத்த வேண்டும். அது மடிப்புகளுக்குள் ஊர்ந்து ஈரத்தை வெளித்தள்ளும். வேஸ்ட் ஆயில் அடிப்பவர்களும் உண்டு. அது ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், சில மாதங்களில் வழிந்தும் போகும். கதவுகளின் அடிவிளிம்பில் நீர் வடிவதற்கென்றே சிறு துளைகள் உண்டு. கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீருக்கு அதைத் தவிர வேறு வழி கிடையாது. புதுப் பெயின்ட்டும் பட்டியும் அவற்றை அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்தித் திறந்து, ஒரு குவளை நீரை மேலே ஊற்றி, அது கீழே வந்து சேருகிறதா என்று பார்த்துவிட்டுக் கதவின் உள்பலகையை மாட்டலாம்.